ஓர் ஆளுக்கு எத்தனை இலை

கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்றது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்டது. கேட்டால் பதில் சொல்வதுதானே மரியாதை என்பதுபோல வெள்ளைச்சாமியின் விரல் மவுஸின் மேல் போய் உட்கார்ந்தது.

“அண்ணே, கையை எடுங்க!”

அமுதவல்லி போட்ட சத்தத்தில் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அழகம்மாளும் எழுந்துவிட்டாள்.

“அது சும்மா கேக்குதும்மா. நான் சரின்னு சொல்லிப் பாக்கலாம்னு…”

“சரின்னு சொன்னா வீட்டைக் கழுவி விட்டுரும் அண்ணே. உள்ள இருக்குற கல்யாணம் அத்தனையும் போயிரும்.”

வெள்ளைச்சாமி கையை மடிமேல் வைத்துக்கொண்டார். அன்னவாசல் கடைத்தெருவில் அவருடைய ஸ்டுடியோவுக்கு நல்ல பெயர் உண்டு. மண்டபத்தில் ஏறி நின்று, “மாப்பிள்ள, கொஞ்சம் சிரிங்க, பொண்ணு உங்களுக்குத்தான்” என்று சொல்லி எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையையும் சிரிக்க வைப்பார். எடுத்ததை வெட்டி ஒட்டி ஆல்பமும் வீடியோவுமாகக் கொடுப்பது அமுதவல்லியின் வேலை. அவர் மண்டபத்தோடு சரி, இவள் கணினியோடு சரி. இதுவரை அப்படித்தான் ஓடியது.

மூன்று நாள் முன்பு ஐப்பசி மழையில் விழுந்த இடி அதை நிறுத்தியது. கடையில் டியூப் லைட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்க் பெட்டி மட்டும் கருகிப் போயிற்று. அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க் மாதிரி வேலை செய்யும். பெட்டி செத்துவிட்டது, டிஸ்க் இரண்டும் தப்பின. தப்பினவற்றைத் தனித்தனியாகக் கணினியில் மாட்டினால் இரண்டுமே வெற்று டிஸ்க் என்று சாதிக்கின்றன.

ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்காகத்தான் அழகம்மாள் ஜெகதாப்பட்டினத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருந்தாள்.

அவளுடைய மகன் வெற்றிசெல்வன் அங்கே ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கரைக்கு வந்த படகுகளில் யாருக்கு முதலில் ஐஸ் ஏற்றுவது என்று இரண்டு கோஷ்டிக்குள் ஒரு நாள் காலையில் கம்பெனி வாசலிலேயே சண்டை. ஒருவருக்கு மண்டை உடைந்தது. அடிபட்டவர்கள் கொடுத்த புகாரில் ஐஸ் கம்பெனி ஆட்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சேர்த்துவிட்டார்கள். வெற்றிசெல்வன் பெயரும் அதில் ஏறியது. அவனோ அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அன்னவாசலில் கூட்டாளி கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். சொன்னால் யார் கேட்கிறார்கள்? பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நாளைக் காலையில் ஜாமீன் மனு வருகிறது. செல்போன் படத்தில் முகம் இருக்கிறது, நேரம் இல்லை. கல்யாண வீடியோ, கேமராவில் எடுத்தது எடுத்தபடி வேண்டும் என்று வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். கேமரா கார்டைக் கேட்டால், அதை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாயிற்று.

“ஏந்தாயி, ரெண்டு டப்பாவும் நல்லாத்தானே இருக்கு. ஒண்ணு மாத்தி ஒண்ணாப் பாத்தா என்ன?” என்று அழகம்மாள் கேட்டாள்.

அமுதவல்லிக்குக் கைவேலையை விட்டுப் பேச நேரமில்லை. ஆனாலும் காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூட வேண்டாமென்று உட்கார்ந்திருப்பவளிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

“பந்தியில ஒரே வரிசைக்கு ரெண்டு பேரு பரிமாறுறாங்கன்னு வைங்கம்மா. முதல் நாலு எலைக்கு ஒருத்தரு, அடுத்த நாலு எலைக்கு இன்னொருத்தரு, திரும்ப முதல் ஆளு. வேகமா முடிஞ்சிரும்ல? அந்த மாதிரி ஒரே வீடியோவை நறுக்கி இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம்னு மாத்தி மாத்தி வச்சிருக்கு. ஒரு டிஸ்க்கை மட்டும் பாத்தா பாதி எலைதான் தெரியும்.”

“சேத்து வச்சுப் பாரு.”

“சேக்கணும்னா, ஒரு ஆளு எத்தனை எலை பரிமாறிட்டு அடுத்த ஆளுகிட்ட விட்டாருங்கிற கணக்குத் தெரியணும். அது கருகிப்போன பெட்டிக்குத்தான் தெரியும்.”

அழகம்மாள் கருகின பெட்டியைப் பார்த்தாள். “பாவி மகனே, சொல்லிட்டுச் செத்திருக்கலாம்ல,” என்றாள். வெள்ளைச்சாமி சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அந்தக் கணக்குக்குத்தான் ஸ்ட்ரைப் அளவு என்று பெயர். அதைப் போட்டவன் சூர்யபிரகாஷ். முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான். அமுதவல்லி காலையிலிருந்து அழைத்து, இப்போதுதான் கிடைத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

“அக்கா, நூத்தி இருபத்தெட்டுக்கா. கண்ணை மூடிட்டுப் போடுங்க. ஸ்கூல் ஐடி கார்டு போட்டோவுக்குன்னு நான்தானே செட் பண்ணுனேன்.”

“நல்லா ஞாபகம் இருக்கா தம்பி?”

“என்னக்கா, நம்ம போட்டது நமக்கு மறக்குமா? சூப்பர்வைசர் பாக்குறான், வைக்கிறேன்.”

அவள் உடனே அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அவசரப்பட முடியாத ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு டிஸ்க்கில் ஒன்று உடம்புக்கு முடியாமல் இருந்தது. மாட்டினால் சற்று நேரம் ஒழுங்காகச் சுற்றும். பிறகு உள்ளே யாரோ நகத்தால் சுண்டுவது போல டிக், டிக் என்று சத்தம் வரும். உடனே மின்சாரத்தை நிறுத்தி ஆற விடவேண்டும். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது. முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பதுதான் முறை. அதற்கேற்ற பெரிய டிஸ்க் திருச்சியிலிருந்து வரவேண்டும். மழைக்கு நடுவில் நாளைக்குத்தான் வரும். நாளைக்கு வந்து வெற்றிசெல்வனுக்குப் பயனில்லை. கடையில் இருந்த காலி இடம் ஒரு கல்யாணத்துக்குத்தான் காணும். அளவைத் தப்பாகப் போட்டு, பெரிய ஃபைலை இழுத்து, பாதியில் டிஸ்க் நின்றுவிட்டால் அதோடு சரி.

மேசை விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு, நோயாளி டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் அதன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். காய்ந்த சந்தனம் பெரிய வட்டமாக அப்பியிருந்தது. நடுவில் குங்குமம். வட்டத்தின் ஓரத்தில் அச்சடித்த சின்ன ஆங்கில எழுத்து எட்டிப் பார்த்தது: இந்தத் துளையை மூடாதீர்கள்.

“அண்ணே… இது என்ன?”

“ஆயுத பூஜைக்கு வச்சதும்மா. கேமரா, லைட்டு, ஸ்டாண்டு எல்லாத்துக்கும் வச்சேன். பெட்டிக்கு வெளிய வச்சா பெட்டிக்குத்தானே போகும்? வேலை பாக்குறது உள்ள இருக்குறவங்கதானே. அதான் கழட்டி, துடைச்சு, ரெண்டு பேருக்கும் வச்சேன்.”

“ரெண்டு பேருக்குமா?” அவள் அடுத்ததைத் திருப்பினாள். அதில் பொட்டு தள்ளி, பேப்பர் ஸ்டிக்கர் மேல் விழுந்திருந்தது. அந்தத் துளை தப்பித்திருந்தது. “இது மூச்சு விடுற ஓட்டை அண்ணே. இதை அடைச்சுட்டீங்க. ஒரு மாசமா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியிருக்கு.”

வெள்ளைச்சாமிக்கு முகம் சுண்டிப்போயிற்று. “சாமி பொட்டும்மா அது,” என்று மெல்லச் சொன்னார்.

“சாமிக்கு மூக்கு மேலயா பொட்டு வைப்பாக?” என்றாள் அழகம்மாள்.

அமுதவல்லி ஈரத் துணியின் நுனியால் சந்தனத்தை ஓரத்திலிருந்து பொடிப்பொடியாக எடுத்தாள். ஊசியால் குத்தக் கூடாது, ஊதக் கூடாது. தூள் உள்ளே போனால் அப்போதே கதை முடிந்தது. வெள்ளைச்சாமி டார்ச் அடித்தார். கடைசியில் கடுகளவு ஓட்டை ஒன்று கருப்பாகத் தெரிந்தது.

மாட்டினாள். டிஸ்க் சுற்றத் தொடங்கியது. மூவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். டிக் இல்லை. இன்னும் கேட்டார்கள். ஒரே ஒரு டிக், பிறகு அமைதி.

“கொஞ்சம் தேவலை. ஆனா ரொம்ப நேரம் தாங்காது,” என்றாள் அமுதவல்லி.

எழுத விடாமல், வெறுமனே படிக்க மட்டும் செய்கிற மென்பொருளைத் திறந்து, சூர்யபிரகாஷ் சொன்ன நூற்று இருபத்தெட்டைக் கொடுத்தாள். ஃபோல்டர் பெயர்கள் கடகடவென்று வரிசையாக விழுந்தன. ஐடி கார்டு படங்களில் ஒன்றைத் தட்டினாள். ரெட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண் பளிச்சென்று திரையில் வந்து முறைத்தாள்.

“வந்துருச்சு!” வெள்ளைச்சாமி துள்ளிவிட்டார். “பயல் சரியாத்தான் சொல்லியிருக்கான். காப்பி போடும்மா, போடு, போடு!”

அழகம்மாள் அந்த முன்பின் தெரியாத பெண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அமுதவல்லியின் விரல் காப்பி பொத்தானுக்குப் போனது. போனது அங்கேயே நின்றது. அடுத்த படத்தைத் தட்டினாள். திறக்கவில்லை. அதற்கடுத்தது திறந்தது. பின்னால் இரண்டு திறக்கவில்லை.

“ஒண்ணு ரெண்டு போனாப் போகுது, அமுதா. டிஸ்க்குதான் சீக்காளியாச்சே.”

“இல்லண்ணே. சீக்குல போனா இங்கொண்ணு அங்கொண்ணாப் போகும். இது பாதிக்குப் பாதி போகுது.”

“பாதியாவது வருதுல்ல? நின்னுட்டா அதுவும் போச்சு. போடும்மா!”

டிக் என்றது டிஸ்க். அவள் மின்சாரத்தை நிறுத்தினாள். விசிறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

“என்ன தாயி, நிறுத்திப்புட்ட?” என்றாள் அழகம்மாள். “பொழுது போகுதே. கடைசி பஸ்ஸுக்குள்ள நான் வக்கீலு வீட்டுல கொண்டு சேக்கணும்.”

“ஆறட்டும்மா. நானும் யோசிச்சுக்கிறேன்.”

யோசிப்பதற்குக் கிடைத்தது டிஸ்க் ஆறுகிற நேரம்தான். சின்னப் படம் வருகிறது என்பதை நம்ப முடியாது. சின்னப் படம் ஒரே இலைக்குள் அடங்கிவிடும். பரிமாறும் கணக்கை நாம் தப்பாகப் போட்டாலும், பாதி இலைகளுக்குத் தற்செயலாகச் சரியான ஆள்தான் வருவார். நீளமான பந்தியில்தான் குட்டு வெளிப்படும். வீடியோ என்பது மண்டபம் நிறைந்த பந்தி.

இலை என்றதும் அவளுக்குப் பொறி தட்டியது. இலையின் அளவு என்று ஒன்று இருக்கிறதே! கிளஸ்டர் என்பார்கள். பால்குடி மறந்த பிள்ளை உட்கார்ந்தாலும் ஒரு முழு இலை போட்டுத்தான் ஆகவேண்டும். சின்னச் சின்ன ஃபைல்களாக வரும் என்று தெரிந்தவன் சின்ன இலையாகப் போடுவான், இல்லாவிட்டால் இடம் வீணாகும். பெரிய ஃபைல் வரும் என்று தெரிந்தவன் தலைவாழை இலை போடுவான். அந்த அளவு பெட்டியோடு கருகாது. டிஸ்க்கின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். சற்றுமுன் ஃபோல்டர்கள் வந்தபோது திரையின் ஓரத்தில் அதுவும் வந்ததே!

டிஸ்க் ஓடாதபோதும் திரையில் பழைய வரிகள் அப்படியே நின்றன. மேலே உருட்டினாள். கிளஸ்டர்: அறுபத்து நான்கு. அதில் வைக்கக்கூடிய பெரிய இலைகளில் ஒன்று. ஐடி கார்டு படத்துக்கு எவனும் இதைப் போட மாட்டான். சூர்யபிரகாஷ் நிச்சயம் போட மாட்டான், இடம் வீணாவது என்றால் அவனுக்குச் சோறு இறங்காது.

“அண்ணே, நம்ம எப்ப இருந்து பெரிய கேமரால வீடியோ எடுக்க ஆரம்பிச்சோம்?”

“அவன் சிங்கப்பூர் போறதுக்குக் கொஞ்சம் முந்தி. அப்ப வீடியோ திக்கித் திக்கி ஓடுதுன்னு ஒரு நாள் பூராப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தானே.”

“அழிச்சுட்டுத் திரும்பப் போட்டானா?”

“என்னமோ பண்ணுனான். பழைய போட்டோவையெல்லாம் எடுத்து வச்சுட்டு மறுபடி உள்ள போட்டான். எனக்கென்னம்மா தெரியும்?”

அப்படியானால் சூர்யபிரகாஷுக்கு முதலில் போட்டதுதான் நினைவில் நிற்கிறது. மாற்றிப் போட்டது மறந்துவிட்டது. இலையைப் பெரிதாக்கியவன் பந்திக் கணக்கையும் பெரிதாக்கியிருப்பான். எவ்வளவு? இருநூற்று ஐம்பத்தாறா, அதற்கும் மேலேயா? அவனை மறுபடியும் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. மாட்டினாள். இருநூற்று ஐம்பத்தாறைக் கொடுத்தாள். சின்னப் படங்களின் பக்கமே போகாமல், அந்தக் கல்யாண ஃபோல்டரில் இருப்பதிலேயே பெரிய படத்தைத் தேடினாள். மணவறையில் சொந்தபந்தம் அத்தனையும் நிற்கிற குரூப் படம். அதைத் தட்டினாள்.

மேலிருந்து கீழாக வந்தது. முதலில் தோரணம், பிறகு தலைகள், பிறகு முகங்கள். எங்கே உடையும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடுப்பு, வேட்டிக் கரை, கால், மணவறைப் பலகை, கீழே சிந்தின அட்சதை வரைக்கும் வந்து நின்றது. ஒரு கோடு விலகவில்லை.

இன்னொரு பெரிய படம். அதுவும் முழுசு. முன்பு திறக்காத ஐடி கார்டு ஒன்று. ஒரு பையன் பல் தெரியச் சிரித்தான்.

“இதுதான்,” என்றாள். “இப்பத் தைரியமாப் போடலாம்.”

“முதல்ல அந்தக் காதுகுத்து வீடியோவைப் போடு,” என்றார் வெள்ளைச்சாமி.

அமுதவல்லி திரும்பிப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை குடுக்கணும்மா. திருவரங்குளத்து வீடு. எனக்கு வருசா வருசம் வேலை குடுக்குறவக. இன்னைக்கு வந்த ஆளுக்காக அவகளை விட முடியுமா? நீயே சொல்லு.”

“ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு அண்ணே. டிஸ்க்கும் ஒண்ணுக்குத்தான் தாங்கும்.”

“அதான் சொல்றேன்.”

“காதுகுத்து வீட்டுல திட்டுவாங்க அண்ணே. இவங்க மகன் உள்ள இருக்கான்.”

அழகம்மாள் கெஞ்சினாலாவது மறுத்துவிடலாம். அவளோ பையின் காதைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி நின்றாள். டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுகிற ஒவ்வொரு நொடியும் அதன் ஆயுளிலிருந்து போகிறது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

வெள்ளைச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மாட்டாமலே, “பொட்டு வச்சவன் நான்தானே,” என்றார். “அந்த அம்மாவோடதைப் போடு.”

காப்பி ஓடத் தொடங்கியது. பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. ஃபைல்களுக்குப் பெயர் இல்லை, எண்தான்; எதில் என்ன என்று ஓட்டிப் பார்க்க நேரமில்லாமல் வரிசையாகவே இழுத்தாள். முதல் ஃபைல் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாவது தாலி கட்டு. மூன்றாவது பந்தி. பந்தி ஃபைல் பாதி தாண்டியபோது டிக் கேட்டது. அமுதவல்லியின் கை சுவிட்சுக்குப் போனது. இப்போது நிறுத்தினால் மறுபடி எழும் என்பது நிச்சயமில்லை. நிறுத்தாவிட்டால் தேய்த்துக்கொண்டே போய்ச் சாகலாம்.

“நிறுத்தும்மா, நிறுத்து!” என்றார் அவர்.

“வேண்டாம். ஓடட்டும்.”

டிக். டிக். கோடு நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அழகம்மாள் வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அமுதவல்லி மேசை விசிறியைக் கையாலேயே தூக்கி டிஸ்க்கின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கோடு மறுபடி அசைந்தது. திக்கியது. அசைந்தது. கடைசித் துணுக்கும் வந்து விழுந்து, முடிந்தது என்று திரை சொன்னது.

அடுத்த ஃபைலைத் தொடுவதற்குள் டிஸ்க் நீளமாக ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு சுற்றவில்லை. கழற்றி மாட்டினாலும் சுற்றவில்லை.

அமுதவல்லி நகலெடுத்த பந்தி ஃபைலைத் திறந்தாள்.

மண்டபச் சாப்பாட்டுக் கூடம். நீள நீளமாக இலைகள். சாம்பார் வாளியோடு ஒருவன் குனிந்து குனிந்து வருகிறான். சுவரில் பெரிய கடிகாரம், பத்தேகால். கேமரா அவன் பக்கம் திரும்பியதும் கரண்டியைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வாசலில் மண்டை உடைந்த நேரமும் அதுதான். அங்கிருந்து இங்கே பறந்துதான் வரவேண்டும்.

“இந்தா பாரு,” என்று அழகம்மாள் திரையைத் தொட்டாள். “வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்க மாட்டான். இங்கிட்டு வந்து எவனுக்கோ சாம்பார் ஊத்துறான் பாரு.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அமுதவல்லி ஃபைல்களைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அழகம்மாள் அதை முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகினாள். வாசற்படியில் நின்று திரும்பி, செத்துக் கிடந்த டிஸ்க்கைப் பார்த்து, “மகராசன், சொல்லிட்டுப் போயிட்டான்,” என்றாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.

வெள்ளைச்சாமியின் செல்போன் மேசைமேல் அதிர்ந்தது. திருவரங்குளத்து எண். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது.

“எடுங்க அண்ணே. நானும் பக்கத்துல இருக்கேன்.”

அவர் எடுத்தார். மண்டபத்தில் மாப்பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிற அந்தக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மச்சான், வெள்ளைச்சாமி பேசுறேன். பிள்ளைக்குக் காது ஆறிருச்சா?… நல்லது, நல்லது. ஒண்ணு சொல்லணும் மச்சான். நான் ஒரு தப்புப் பண்ணிப்புட்டேன்.”

அமுதவல்லி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.